நாலு பதினொன்னுக்கு வந்த ஃபோன்

முதல்லயே சொல்லிடறேன். இது கட்டுக்கதை இல்ல. என் கண்ணால பார்த்தது, என் காதால கேட்டது. ரெண்டு பேர் சாட்சி இருக்காங்க. அதுல ஒருத்தன் இப்ப என் நம்பரைப் பார்த்தாலே எடுக்கறதில்ல. நம்ப முடியலன்னா விட்டுடுங்க, எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போகாது. ஆனா படிச்சு முடிச்சுட்டு "இதெல்லாம் நெட்வொர்க் கோளாறுங்க"ன்னு எனக்குப் பாடம் எடுக்க மட்டும் வராதீங்க. அதை நானே எனக்கு நூறு தடவை சொல்லிப் பார்த்தாச்சு.

இன்னொண்ணு. ராத்திரி பன்னெண்டு மணி, நாய் ஊளை, மல்லிப்பூ வாசனைன்னு எதிர்பார்த்து வந்தீங்கன்னா ஏமாந்துதான் போவீங்க. நடந்தது பட்டப்பகல்ல. சாயங்காலம் நாலு பதினொன்னு. வெளியில நல்ல வெயில், பசங்க த்ரோபால் ஆடிட்டு இருந்தாங்க.

என் பேர் பவுலின். பொறந்து வளர்ந்தது கேஜிஎஃப், இப்ப இருக்கறது பெங்களூரு அல்சூர். சிவாஜிநகர்ல ஒரு கோச்சிங் சென்டர்ல ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தர்றேன். போன ஜனவரியில எங்க சர்ச்சுக்கு வர்ற ஆஞ்சலா மேடம் ஒரு நாள் பூசை முடிஞ்சதும் என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. வெளிநாட்டுப் பசங்களுக்கு இங்கிலீஷ் கேம்ப் நடத்தறோம், மூணு வாரம், வாலண்டியரா வர்றியான்னு கேட்டாங்க. எனக்கும் வீட்ல ஒண்டியா உட்கார்ந்து சுவத்தைப் பார்த்துட்டு இருக்கறதுக்கு இது மேல்னு தோணுச்சு. சரின்னுட்டேன்.

ரீயூனியன்னு ஒரு தீவு. மொரீஷியஸ் பக்கத்துல இருக்கு, பிரெஞ்சுக்காரங்களோடது. அங்கிருந்து இருபத்திரண்டு பசங்க, பதிமூணுல இருந்து பதினாறு வயசு. அவங்களுக்கு ஜனவரியிலதான் கோடை லீவாம். அதனால பேனர்ல "சம்மர் கேம்ப்"னு போட்டிருந்துச்சு, அதுக்குக் கீழ பசங்க காலைல ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு வெடவெடன்னு நடுங்கிட்டு நின்னுச்சுங்க. லிஸ்ட்ல பாதிப் பேரு நம்ம பேரு. நூத்தம்பது வருஷம் முன்னாடி கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல்ல போனவங்க வம்சம். எலோடி முத்துசாமின்னு ஒரு பொண்ணு. பதினஞ்சு வயசு. முன் பல் ரெண்டும் லேசா விலகி இருக்கும், எதுக்கெடுத்தாலும் சிரிப்பு. அவளைப் பத்திதான் இது.

கேம்ப்ல ரெண்டு ரூல். ஒண்ணு, இங்கிலீஷ் தவிர வேற எதுவும் பேசக்கூடாது. எங்களுக்கும் சேர்த்துத்தான். நான் தமிழ்க்காரின்னுகூட அந்தப் பசங்ககிட்ட ஒரு நாளும் காட்டிக்கிட்டது கிடையாது. ரெண்டாவது, ஃபோன். எல்லா ஃபோனையும் வந்த அன்னைக்கே வாங்கி வெச்சுட்டோம். கதவுக்குப் பின்னாடி செருப்பு வைக்கறதுக்குத் தொங்க விடுவாங்களே, வரிசை வரிசையா பிளாஸ்டிக் பை வெச்சது, அது ஒண்ணை சிவாஜிநகர்ல வாங்கி ஆபீஸ் ரூம் சுவத்துல மாட்டியிருந்தோம். ஒவ்வொரு பைக்கும் ஒரு நம்பர். எலோடியோடது பதினாலு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அரை மணி நேரம் ஃபோனைக் குடுப்போம். அவங்க ஊர் சிம் இங்க வேலை செய்யாது. எங்க வைஃபையிலதான் வீட்டுக்குப் பேசணும். அந்த ஃபோன் பைக்கு நான்தான் காவல்.

கடைசி வாரம். திங்கக்கிழமை. எல்லாரும் விளையாடப் போயாச்சு, நான் மட்டும் ஆபீஸ் ரூம்ல உட்கார்ந்து ஒர்க்‌ஷீட் திருத்திட்டு இருந்தேன். சுவத்துல இருந்து சத்தம். ர்ர்ர்ர்... ர்ர்ர்ர்... பதினாலாம் நம்பர் பை நடுங்குது. எட்டிப் பார்த்தேன். "மமா"ன்னு பிரெஞ்சுல பேர், அதுக்கு மேல ஒரு ஃபோட்டோ. மஞ்சப் புடவை, பெரிய பொட்டு, எலோடி தோள்ல கை போட்ட ஒரு பொம்பளை. பார்த்தா நம்ம பக்கத்து வீட்டு அக்கா மாதிரியே இருந்தாங்க. அதே விலகின முன் பல். அஞ்சு மணிக்குத்தானே பேசணும், இப்ப என்ன அவசரம்னு அலுத்துக்கிட்டே சைலன்ட்ல போட்டேன். மணி பார்த்தேன். நாலு பதினொன்னு.

நாலு அம்பதுக்கு ஆஞ்சலா மேடம் உள்ள வந்தாங்க. முகத்துல ரத்தமே இல்ல. கதவைச் சாத்தினாங்க.

"பவுலின்... அந்த எலோடியோட அம்மா போயிட்டாங்களாம்."

"எங்க போயிட்டாங்க?" எனக்கு உறைக்கவே இல்ல.

"செத்துட்டாங்கடி. அடுப்படியில நின்னவங்க அப்படியே விழுந்துட்டாங்களாம். மூளையில ரத்தக்குழாய் வெடிச்சுடுச்சாம். மாமாக்காரர் இப்பதான் பேசினார்."

அப்பா வேற எங்கேயோ பாரிஸ்ல, பேச்சுவார்த்தையே கிடையாதாம். இருந்தது அம்மா ஒருத்திதான். அந்த மாமா கைகூப்பிக் கேட்டுக்கிட்டாராம். சனிக்கிழமை எல்லாருக்கும் எப்படியும் ஃப்ளைட்டு. அதுக்கு முன்னாடி டிக்கெட்டே கிடையாது. அடக்கம் புதன்கிழமை. எப்படியும் வந்து சேர முடியாத குழந்தைக்கு எதுக்கு இப்பவே சொல்லணும்? நான் ஏர்போர்ட்ல வந்து நானே சொல்லிக்கறேன், அது வரைக்கும் தெரியவே வேண்டாம்னாராம்.

நான் எழுந்தே நின்னுட்டேன். "மாட்டேன்"னேன்.

ஏன்னு சொல்லணும். நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிட்டு இருக்கறப்ப எங்கப்பா செத்துட்டார். நான் இங்க பெங்களூருல சித்தி வீட்ல இருந்தேன். இன்னும் மூணு பரீட்சை பாக்கி. யாரும் சொல்லல. அப்பாவுக்குக் காய்ச்சல்னாங்க. கேஜிஎஃப்ல அவரைப் புதைச்ச அதே மத்தியானம், நான் மேத்ஸ் பேப்பர் எழுதிட்டு வெளியில வந்து ஃப்ரெண்ட்ஸோட குச்சி ஐஸ் சாப்ட்டுச் சிரிச்சுட்டு இருந்தேன். எல்லாரும் என் நல்லதுக்குத்தான் செஞ்சாங்க. அந்த நல்லதை நினைச்சா இப்பவும் எனக்கு வயிறு எரியும்.

ஆஞ்சலா மேடத்துக்கும் அது தெரியும். என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "இங்க சொன்னா யார்மேல சாய்ஞ்சு அழும், சொல்லு? அஞ்சு நாள் எப்படித் தாங்கும்? மாமா சொன்னா அது குடும்பம். நாம யாரு?"

நியாயமாத்தான் பட்டுச்சு. எல்லா நியாயமும் அப்படித்தான் படும். அஞ்சு மணிக்கு நானே போய் ஹால்ல நின்னு சொன்னேன். "ஸாரி சில்ட்ரன், வைஃபை போயிடுச்சு. ஆள் வர நாலஞ்சு நாள் ஆகுமாம்." ஒரு பொண்ணுக்காக இருபத்திரண்டு பேர்கிட்டயும் பொய். பிளக்கைப் பிடுங்கினது ஸ்ரீஹர்ஷா. இன்ஜினியரிங் படிக்கற கன்னடப் பையன், அவனும் வாலண்டியர். ரௌட்டரோட அடாப்டரைக் கழட்டித் தன் பேக்லயே போட்டுக்கிட்டான், யாரும் மறுபடி மாட்டிடக்கூடாதுன்னு. எங்க ஃபோன்லயும் ஹாட்ஸ்பாட் போடறதில்லன்னு பேசி வெச்சுக்கிட்டோம்.

செவ்வாய்க்கிழமை. சாயங்காலம். அதே ரூம்.

ர்ர்ர்ர்... ர்ர்ர்ர்...

பதினாலு. அதே மஞ்சப் புடவை ஃபோட்டோ. எனக்கு முதல்ல கோபம்தான் வந்துச்சு. எந்தச் சொந்தக்காரங்க அறிவில்லாம அந்தம்மா ஃபோன்ல இருந்து பண்றாங்கன்னு. கட் பண்ணினேன். கட் பண்ணின அப்புறம்தான் ரௌட்டர் பக்கம் கண்ணு போச்சு. ஒரு லைட்டும் இல்ல. வயர் வெறுமனே தொங்குது. ஃபோனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இல்ல. வைஃபை இல்ல. ஒரு கோடுகூட இல்ல. மணி நாலு பன்னெண்டு.

ஆஞ்சலா மேடத்தை விட்டு அந்த மாமாவுக்குப் பேசச் சொன்னேன். எலோடி அம்மா ஃபோனை நேத்தே ஆஃப் பண்ணி என் அலமாரியில பூட்டி வெச்சாச்சேன்னார். மேடம் என்னைப் பார்த்த பார்வையில ஒரு மாதிரி இரக்கம் இருந்துச்சு. "நீ ரொம்ப மனசுல போட்டுக்கற பவுலின்"னாங்க. நானும் சரிதான்னு நினைச்சேன். இருந்தாலும் எலோடி ஃபோனை ஸ்விட்ச் ஆஃப் பண்ணித்தான் பையில போட்டேன்.

புதன்கிழமை. அங்க அடக்கம் நடக்கற நாள். நான் வேணும்னே ஸ்ரீஹர்ஷாவை ஆபீஸ் ரூம்லயே உட்கார வெச்சிருந்தேன். சர்டிஃபிகேட் பிரிண்ட் எடுக்கற சாக்கு. ஜன்னலுக்கு வெளியில எலோடி சத்தம் போட்டுச் சிரிக்கறா. அவ சிரிக்கறது காதுல விழும்போதெல்லாம் எனக்கு அந்தக் குச்சி ஐஸ் ஞாபகம் வருது. நான் மணியைப் பார்க்கவே கூடாதுன்னு இருந்தேன்.

ர்ர்ர்ர்...

அவன் நிமிர்ந்தான். "அக்கா, யாரோட ஃபோன்?"

"பதினாலு."

அவன் போய் எடுத்தான். அவன் விரல் பட்டன்மேல அழுத்திக்கிட்டே இருக்கு. "அக்கா... இது ஆஃப்ல இருக்கு. ஆன் ஆகல. பாருங்க, இது... ஆன்லயே இல்ல."

கருப்புத் திரை. ஆனா அந்த ஃபோட்டோ மட்டும் தெரியுது. ர்ர்ர்ர்... ர்ர்ர்ர்...

"ஐயோ தேவரே!" கன்னடத்துல கடவுளைக் கூப்பிட்டுக்கிட்டே ஃபோனை மேஜைமேல போட்டான். பேக்கை எடுத்தான். போனவன் போனவன்தான். மறுநாள் காய்ச்சல்னு மெசேஜ் அனுப்பினான். அடாப்டரும் அவன்கூடவே போயிடுச்சு.

வியாழக்கிழமை காலைல டீ நேரத்துல எலோடி என்கிட்ட வந்தா. கஷ்டப்பட்டு ஒவ்வொரு வார்த்தையா இங்கிலீஷ்ல கோத்துக் கோத்துப் பேசினா.

"மிஸ், வைஃபை இன்னும் இல்லயா?"

"இல்லம்மா."

"என் ஃபோன் மட்டும் குடுங்க மிஸ். பேச வேண்டாம். அம்மா ஃபோட்டோ பார்க்கணும்."

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான், எலோடி."

"ஓகே மிஸ்." சிரிச்சா. போகத் திரும்பினவ நின்னா. "நேத்து ராத்திரி அம்மா கனவுல வந்தா. கூப்பிட்டா நீ ஏன் எடுக்க மாட்டேங்கறன்னு கேட்டா."

டீ கிளாஸைக் கீழ வெச்சேன். "நீ என்ன சொன்னே?"

"ஃபோன் பவுலின் மிஸ்கிட்ட இருக்குன்னு சொன்னேன்."

அன்னைக்கு அந்த ஃபோனை ஆஞ்சலா மேடம் ரூம்ல இருந்த இரும்பு லாக்கர்ல வெச்சுப் பூட்டச் சொன்னேன். சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும் எதிரெதிர்ல உட்கார்ந்தோம். நாலு பதினொன்னு. இரும்புக்குள்ள இருந்து வந்துச்சு. தகரத்துல நகத்தால சுரண்டற மாதிரி இருந்துச்சு சத்தம். மேடம் சிலுவை போட்டுக்கிட்டாங்க. "அலாரமா இருக்கும்"னாங்க. "நாளைக்கு ஒரு நாள்தான் பவுலின். ஒரே ஒரு நாள். அப்புறம் அவங்க ஊர், அவங்க ஜனம்."

வெள்ளிக்கிழமை.

எல்லாரும் ஹாலுக்கு வெளியில விடை கொடுக்கற நிகழ்ச்சிக்கு ரிகர்சல். மேடமும் அங்கதான். நான் மட்டும் போகல. நாலு அஞ்சுக்கு லாக்கர் சாவியை எடுத்தேன். நாலு நாளா ஒருத்தி கூப்பிட்டுட்டே இருக்கா. எத்தனை நாள்தான் காது கேட்காத மாதிரி இருக்கறது?

ஃபோனை மேஜைமேல வெச்சேன்.

நாலு எட்டு. ஒண்ணும் இல்ல.

நாலு பத்து.

நாலு பதினொன்னு.

ர்ர்ர்ர்...

மாதாவே... மாதாவேன்னு சொல்லிக்கிட்டே பச்சையைத் தள்ளினேன்.

"ஹலோ."

முதல்ல ஒண்ணும் கேட்கல. அப்புறம் ஏதோ ஒரு இரைச்சல். தூரத்துல அடுப்படி ஃபேன் ஓடற மாதிரி.

அப்புறம் ஒரு மூச்சு.

"அவகிட்ட குடும்மா."

தமிழ்.

சுத்தமான தமிழ். களைச்சுப் போன குரல். கோபமே இல்ல.

"யா... யாரு?"

"நாலு நாளா கூப்பிடறேன். நீ எடுக்கவே மாட்டேங்கற."

சுவத்தைப் பிடிச்சுக்கிட்டேன்.

"ஒரே ஒரு நிமிஷம். நானே சொல்லிக்கறேன். வேற யாராவது சொன்னா தாங்க மாட்டா அவ."

ஜன்னல் திறந்திருக்கு. எலோடி இருபது அடி தள்ளி நிக்கறா. முதுகைக் காட்டிக்கிட்டு. கையில ரிகர்சல் பேப்பர். ஏதோ சொன்னா, பசங்க எல்லாம் ஓன்னு சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா.

அந்தப் பக்கம் இரைச்சல் நின்னுடுச்சு.

"அவளா சிரிக்கறது?"

நான் ஃபோனைக் காதோட அழுத்திக்கிட்டேன்.

"அவதானே?"

கதவு வரைக்கும் போனேன். சத்தியமா போனேன். ஃபோனை நீட்டிக்கிட்டே போனேன். வாசப்படியில ஒரு காலை வெச்சேன். எலோடி திரும்பினா. என்னைப் பார்த்தா. என் கையில இருந்த தன் ஃபோனைப் பார்த்தா. முகமெல்லாம் மலர்ந்துச்சு.

"மிஸ்?"

காதுல அந்தக் குரல். "குடும்மா..."

என் வாய்ல இருந்து வந்தது இதுதான்.

"ராங் நம்பர்."

கட் பண்ணிட்டேன்.

மணி நாலு பதிமூணு.

எலோடி ஓடி வந்துட்டா. "யாரு மிஸ்? அம்மாவா?"

"யாருமில்ல. வைஃபை டெஸ்ட் பண்ணினேன். வரல."

அவ முகம் சுருங்கினதை நான் பார்த்தேன். அதுக்கு அப்புறம் அந்த ஃபோன் அடிக்கவே இல்ல. சாயங்காலம் முழுக்க அதைக் கையிலயே வெச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அடிச்சா ஓடிப்போய் அவ கையில குடுத்துடறேன்னு வேண்டிக்கிட்டேன். பயம் எல்லாம் போயிடுச்சு. வெறும் அழுகைதான் மிச்சம். அடிக்கல.

சனிக்கிழமை ஏர்போர்ட்டுக்கு நானும் போனேன். எலோடி என்னைக் கட்டிப்பிடிச்சு, நிறைய இங்கிலீஷ் கத்துக்கிட்டேன் மிஸ், அம்மாகிட்ட பேசிக் காட்டினா அவளுக்கு ஒண்ணுமே புரியாம திருதிருன்னு முழிப்பா, ரொம்ப ஜாலியா இருக்கும்னா. உள்ள போற வரைக்கும் கையை ஆட்டிக்கிட்டே போனா. நான் பார்க்கிங்ல தரையிலயே உட்கார்ந்துட்டேன். ஆஞ்சலா மேடம் தூக்கிட்டு வந்தாங்க.

பிப்ரவரி கடைசியில அவகிட்ட இருந்து மெயில் வந்துச்சு. அழகான இங்கிலீஷ், ரெண்டே ரெண்டு தப்புதான். யார்மேலயும் கோபம் இல்லன்னு எழுதியிருந்தா. மாமா எல்லாத்தையும் சொன்னாராம், நீங்க எல்லாரும் எனக்காகத்தான் அப்படிச் செஞ்சீங்கன்னு எனக்குத் தெரியும்னு எழுதியிருந்தா. அதுக்குக் கீழ இப்படி இருந்துச்சு.

"மிஸ், என் ஃபோன்ல அம்மா பேர்ல அஞ்சு கால் இருக்கு. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும். எல்லாமே எங்க ஊர் நேரம் ரெண்டு நாற்பத்தொண்ணு, உங்க ஊர்ல நாலு பதினொன்னு. அம்மா இறந்ததா டாக்டர் எழுதிக் குடுத்த நேரமும் அதுதான், திங்கக்கிழமை ரெண்டு நாற்பத்தொண்ணு. நாலு கால் எடுக்கல. வெள்ளிக்கிழமை கால் மட்டும் எடுத்திருக்கு. ஒரு நிமிஷம் அம்பத்திரண்டு செகண்ட். மாமா அது மெஷின் தப்புன்னு சொல்றார். அன்னைக்கு என் ஃபோன் உங்க கையில இருந்துச்சு. நீங்க பேசினீங்களா மிஸ்? அம்மா என்ன சொன்னா?"

ரெண்டு நாள் அந்த மெயிலைத் திறந்து திறந்து மூடினேன். மூணாவது நாள் ஒரே ஒரு கேள்வி மட்டும் திருப்பி எழுதினேன். உங்க அம்மா வீட்ல தமிழ் பேசுவாங்களான்னு.

பத்து நிமிஷத்துல பதில் வந்துச்சு.

"இல்லை மிஸ். எங்க வீட்ல யாருக்குமே தமிழ் தெரியாது, தாத்தாவுக்கே தெரியாது. அம்மாவுக்கு அது ஒரு பெரிய குறை. வணக்கம்னு ஒரு வார்த்தை சொல்லுவா, அதையும் தப்பாத்தான் சொல்லுவா. ஏன் கேக்கறீங்க?"

அன்னைக்கே பதில் போட்டுட்டேன். சும்மாதான் கேட்டேன், நான் யார்கிட்டயும் பேசல, அது மெஷின் தப்புதான், நல்லாப் படிம்மான்னு. ஒரு பிழைகூட இல்லாத இங்கிலீஷ்ல எழுதி அனுப்பினேன்.

எலோடிக்குத் தமிழ் படிக்க வராது. அதனாலதான் இதைத் தமிழ்ல எழுதறேன்.